இருபத்திரண்டு நிமிடம்

மின்கட்டண ரசீதின் முதுகில்
பட்டியல் தொடங்கினேன்.
முதல் வரி: வான்கோழி.
இரண்டாம் வரிக்குப் போகுமுன்
ஜெமைமா அளவுநாடாவோடு வந்துவிட்டாள்,
நம் அடுப்பின் வாய் முப்பது சென்டிமீட்டர்தான் என்று.
கடையில் இருப்பதிலேயே சின்ன வான்கோழி
நாலரைக் கிலோ,
எண்பத்தெட்டு வெள்ளி.
கீழ்த்திசை ஞானிகள்
ஒரே ஒரு வெள்ளியை நம்பித்தான்
அவ்வளவு தூரம் போனார்கள்.
வான்கோழியை அடித்தேன்,
பேனாவால்.

சமையல் குறிப்புகள் எல்லாமே
எட்டுப் பேருக்கு எழுதியிருக்கிறார்கள்.
எங்கள் மூவறை வீட்டில் எட்டுப் பேர்
நிற்கலாம், உட்கார முடியாது.
நாங்கள் மூன்று பேர்.
எட்டுப் பேருக்கு நாலு முட்டை என்றால்
மூன்று பேருக்கு ஒன்றரை.
"அரை முட்டையை எப்படிம்மா உடைக்கிறது?"
தொடக்கநிலை ஐந்து, விடமாட்டாள்.
மீதி அரை அப்பாவுக்கு ஆம்லெட் என்றேன்.
அப்பா என்றதும்
இருவரும் குளிர்பெட்டியைத் திரும்பிப் பார்த்தோம்.

கதவில், அன்னாசி வடிவக் காந்தத்தின் கீழே
டிசம்பர் மாதப் பணி அட்டவணை.
இருபத்துநாலாம் தேதி, மாலைமுறை.
அல்போன்ஸ் ஓட்டும் பேருந்து
ஒன்பது பத்துக்கு ஈசூன் நிலையம் வரும்,
ஒன்பது முப்பத்திரண்டுக்குக் கிளம்பும்.
அது கடைசி நடை.
வண்டியை விட்டுவிட்டு வீடு சேர ஒன்றரை மணி.

போன வருடம் காத்திருந்தோம்.
ஒன்றரை மணிக்குக் கோழி விறைத்திருந்தது,
பிள்ளை சோபாவில் வாய் திறந்து தூங்கியிருந்தாள்.
அவர் காலணி கழற்றாமல் நின்றபடியே
ஒரு துண்டு பிய்த்துத் தின்று
நல்லா இருக்கு என்றார்.
எது என்று நான் கேட்கவில்லை.

இந்த வருடம்
சாப்பாடு பேருந்தைத் தேடிப் போகிறது.

இருபத்திரண்டில்
கழிவறைக்கு நாலு,
தண்ணீர்ப் புட்டி நிரப்ப ஒன்று.
விருந்து பதினேழு நிமிடம்.
சூப் வேண்டாம், ஆறாது.
நண்டு வேண்டாம், அதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வேண்டும்.
பிரியாணி வேண்டவே வேண்டாம்,
தின்றால் கண் சொக்கும்,
அவர் முதுகுக்குப் பின்னால் ஐம்பது பேர்.
கோழித் தொடைகள் மட்டும், மிளகும் வெண்ணெயும் பூசி,
தேக்காவில் சொல்லிவைத்தாயிற்று.
உருளைக்கிழங்கு, வாய்க்கு ஒன்றாக.
அச்சுமுறுக்கு சட்டைப் பைக்கு,
உடைந்தால் உடையட்டும்.
நிலையத்தில் நெருப்பு ஆகாது, அதனால்
இரண்டு வெள்ளிக் கடையின் பேட்டரி மெழுகுவத்தி.
காகிதக் கிரீடம் மூன்று.
சீருடைக்கு மேல் கிரீடம் வைக்கலாமா என்று
யாரிடம் கேட்பது, தெரியவில்லை.

"அப்பாகிட்ட சொல்லிட்டியா?"
சொன்னால் மழை வரும் என்பார்.
டிசம்பரில் மழை வராமல்
வேறு எப்போது வரும்?

நேற்றிரவு அவர் வேலைக்குப் போனபின்
ஒத்திகை பார்த்தோம்.
கைப்பேசியில் பதினேழு நிமிடம் வைத்து
ரசம் சோறும் அப்பளமும்.
அவர் நாற்காலியில் கரடிப் பொம்மை.
ஒன்பதாம் நிமிடம் ஜெமைமாவுக்குச் சிரிப்பில் புரையேறியது.
அப்படியும் பதினாலில் முடித்துவிட்டோம்.
மூன்று நிமிடம் மிச்சம்.
தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்,
நானும் அவளும் கரடியும்.
எண்கள் குறைந்துகொண்டே போயின.
பட்டியலில் எழுதினேன்:
மூன்று நிமிடம், சும்மா.

கேக் அந்தக் கணக்கில் இல்லை.
அது டப்பாவோடு என் மடியில் வரும்,
முன்வரிசை இருக்கையில், அவர் பிடரி தெரியும் இடத்தில்.
பேருந்தில் தின்னக் கூடாது,
சட்டம் அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.
கடைசி நிறுத்தம்வரை பொறுப்போம்.
யாராவது மணி அடித்து இறங்குவார்கள்,
யாராவது நனைந்த குடையோடு ஏறுவார்கள்.

ரசீதில் இடம் தீர்ந்துவிட்டது.
ஓரத்தில், கட்டணத் தொகைக்குப் பின்பக்கமாய்,
பொடி எழுத்தில் கடைசி வரி:
என் பயண அட்டையில் காசில்லை,
பத்து வெள்ளி போட வேண்டும்.